லினக்ஸுக்குள் வளரும் சாதன மரம்

உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்ப்பெர்ரி பை கணினியில் ஒரு சிறு பச்சை விளக்கு உண்டு. நினைவக அட்டையிலிருந்து தகவல் படிக்கப்படும்போதெல்லாம் அது மினுக்கும். 2012-இல் வந்த 'மாடல் பி'யில் இந்த விளக்கு சில்லின் 16-ஆம் இணைப்பில் இருந்தது. அங்கே மின்னழுத்தம் இறங்கினால் விளக்கு எரியும். 2014-இல் வந்த 'பி பிளஸ்' போர்டில் அதே விளக்கு 47-ஆம் இணைப்புக்கு மாறியது. இங்கே மின்னழுத்தம் ஏறினால்தான் எரியும். இரண்டிலும் இருப்பது ஒரே சில்லு, ஓடுவது ஒரே லினக்ஸ். இருந்தும் இரண்டு விளக்குகளும் பிசகாமல் மினுக்குகின்றன. எந்தப் போர்டில் எந்த இணைப்பு என்று லினக்ஸுக்கு யார் சொன்னது?

ஒரு சிறிய உரைக்கோப்பு சொன்னது. மனிதர்கள் தட்டச்சு செய்து, மனிதர்கள் படித்துப் பார்த்து, பிழை திருத்தி, உலகத்துக்குப் பொதுவில் வைத்த கோப்பு. அதில் ஒரு வரியைத் திருத்த உங்களுக்கும் உரிமை உண்டு, எனக்கும் உண்டு. அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கும் மேலான பொறியியல் சாமர்த்தியம் இருக்கிறது.

லினக்ஸ் என்று நாம் சொல்வது, சரியாகச் சொன்னால், ஒரு கர்னல். இயக்குதளத்தின் கருப்பகுதி அது. செயலிகளுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்று நினைவகம், திரை, வலை எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். இன்று அதன் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. நாளைக்கு ஆயிரம் வரி வீதம் படித்தாலும் முடிக்க எண்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த வரிகளில் பெரும்பங்கு இயக்கிகளுக்கு, அதாவது ஒவ்வொரு வன்பொருளோடும் அதனதன் முறையில் பேசத் தெரிந்த நிரல்களுக்கு உரியது. ஆகவே பேசத் தெரியாமல் லினக்ஸ் திணறுவது அரிது. எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் திணறுவதுதான் வழக்கம்.

புது வாடகை வீட்டுக்குக் குடிபோன முதல் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் எட்டு சுவிட்சுகள்; எது மின்விசிறி, எது வாசல் விளக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. வீட்டிலென்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பழகிவிடலாம். மின்சாரம் வந்த நொடியில் விழித்தெழும் கர்னலுக்கும் இதே நிலைதான். ஆனால் அதன் முன் இருக்கும் சுவிட்சுகள் கோடிக்கணக்கில். அவற்றுள் சிலவற்றைத் தவறாகத் தொட்டால் வன்பொருளே கெட்டுப்போகும்.

எல்லாச் சாதனங்களும் இப்படி ஊமையாக இருப்பதில்லை. யுஎஸ்பியில் ஒரு மௌஸைச் செருகினால் அது உடனே தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லிவிடும். மேசைக் கணினிக்குள் செருகும் பிசிஐ அட்டைகளும் அப்படியே. அவற்றின் வடிவமைப்பிலேயே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. மேசைக் கணினிகளில் மிச்சமுள்ள விவரங்களை ஏசிபிஐ என்ற அட்டவணைகள் மூலம் கணினிக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் கொடுத்துவிடும். ஆனால் கைப்பேசி, வைஃபை ரௌட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, சிறு கணினிப் போர்டு ஆகியவற்றில் பெரும்பாலான பகுதிகள் சில்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருப்பவை. அவை இருப்பிடத்தில் அமைதியாகக் காத்திருக்கும். கேட்டாலும் பெயர் சொல்லாது.

அந்த இருப்பிடங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட முடியாதா? 32 பிட் சில்லு ஒன்றில் 429 கோடியே 49 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் உண்டு. நொடிக்கு ஒன்றைச் சோதித்தால் முடிக்க 136 ஆண்டுகள். வேகமாகச் சோதிக்கலாம் என்றாலும் பயனில்லை. ஒரு முகவரியில் என்ன எண் கிடைத்தாலும் அது எந்தச் சாதனத்துடையது என்று அந்த எண்ணே சொல்லாது.

1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்ட்-சி என்ற இணைப்பு முறையைப் பாருங்கள். இரண்டே கம்பிகளில் பல சில்லுகளைக் கோக்கும் எளிய முறை. இன்றும் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளுக்குள்ளும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சில்லுக்கும் 7 பிட் அளவில் ஒரு முகவரி; மொத்தம் 128 தான். எல்எம்75 என்ற வெப்பநிலை உணரி முகவரி 72-இல் அமரும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்ற சில்லும் அதே 72-இல் அமரும். 72-ஐ அழைத்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். யார் என்று மட்டும் தெரியாது.

அழைத்துப் பார்ப்பதே ஆபத்தானதும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில், லினக்ஸில் வெப்பநிலை உணரிகளைத் தேடும் ஒரு மென்பொருள் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இந்த முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்தது. அங்கிருந்த ஒரு சிறு நினைவகச் சில்லு அந்த அழைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு தன்னிடமிருந்த தகவலைக் குலைத்துக்கொண்டது. கணினிகள் அதன்பின் எழவில்லை. வன்பொருளை ஊகித்து அறியக் கூடாது, யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் உணர்த்தியது.

அப்படிச் சொல்லும் கோப்புக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ, தமிழில் சாதன மரம். வேர் என்பது முழுப் போர்டு. அதிலிருந்து கிளைகளாக மையச் செயலகம், நினைவகம், தகவல் தடங்கள். ஒரு தடத்தின் கிளையில் அதில் கோத்த சில்லுகள். ஒவ்வொரு கணுவிலும் சில பண்புகள்: இந்தச் சாதனத்தின் பெயர் என்ன, எந்த முகவரியில் இருக்கிறது, கர்னலின் கவனத்தை ஈர்க்க எந்தக் குறுக்கீட்டுக் கம்பியைப் பயன்படுத்தும், எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடும். குறுக்கீடு என்பது 'என்னிடம் தகவல் வந்திருக்கிறது, கவனி' என்று சாதனம் செயலகத்துக்கு அனுப்பும் மின்சைகை. முகவரி 72-இல் எல்எம்75 இருக்கிறது என்று மரத்தில் மூன்று நான்கு வரி எழுதிவிட்டால் போதும், ஊகத்துக்கு வேலையில்லை.

இந்த யோசனை லினக்ஸில் பிறந்ததன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் ஸ்பார்க் கணினிகளுக்காக 1980-களின் இறுதியில் உருவாக்கிய தொடக்க மென்பொருளில் அது முளைத்தது. மிட்ச் பிராட்லி அதன் சிற்பி. 1994-இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரமாக, 'ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற பெயரில் வெளிவந்தது. ஆப்பிளின் பவர் மேக்கிலும் அது இடம்பெற்றது. அதில் ஒரு வியப்பு: கணினிக்குள் செருகும் அட்டை, ஃபோர்த் என்ற மொழியில் எழுதிய சிறு நிரலைத் தன்னோடு சுமந்து வரும். அந்த நிரல் எந்த வகைச் செயலகத்திலும் ஓடும். ஓடி, மரத்தில் தனக்குரிய கிளையைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

சிறிய போர்டுகளுக்கு அந்த ஏற்பாடு பெரிய சுமை. 2005 வாக்கில் பவர்பிசி சில்லுகளுக்கான லினக்ஸைக் கவனித்துக்கொண்டவர்கள் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வரிசையாக அடுக்கிய பைட்டுகளாகத் தட்டையாக்கினார்கள். மனிதர் படிக்கும் உரைக்கோப்பை டிடிசி என்ற தொகுப்பி இந்தத் தட்டை வடிவத்துக்கு மாற்றித் தரும். விளையும் கோப்பு சில பத்து கிலோபைட்தான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் மிகச் சிறு பங்குதான். ஒரு முழுக் கணினியின் அமைப்பும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அன்றைய பவர்பிசி வழக்கப்படி எண்களின் பெரிய பகுதியை முதலில் எழுதினார்கள். எண்களைச் சிறிய பகுதியிலிருந்து தொடங்கும் இன்றைய ஆர்ம் வகைச் சில்லுகளும் (ராஸ்ப்பெர்ரி பையில் இருப்பதும் அந்த வகைதான்), மரத்தைப் படிக்கும்போது மட்டும் பைட்டுகளை அந்தப் பழைய வரிசையிலேயே படிக்கின்றன.

ஆர்ம் உலகம் இந்த வழிக்கு ஒரு நெருக்கடியின் பின்தான் வந்தது. ஒவ்வொரு ஆர்ம் போர்டுக்கும் ஒரு பதிவு எண் தருவார்கள். ராஸ்ப்பெர்ரி பையின் எண் 3138. ஒவ்வொரு போர்டின் விவரமும் சி மொழியில் தனி நிரலாக, கர்னலுக்குள்ளேயே குவிந்தது. விளக்கு எந்த இணைப்பில் என்பதற்கும் நிரல், நினைவகம் எங்கே என்பதற்கும் நிரல். ஆயிரக்கணக்கில் போர்டுகள், பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சிற்சில மாற்றங்களோடு திரும்பத் திரும்பச் சொல்லும் கோப்புகள். 2011-இல் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இந்தக் குவியலை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆர்ம் பராமரிப்பாளர்கள் சாதன மரத்தைக் கையில் எடுத்தார்கள். 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-இல் 64 பிட் ஆர்ம் சேர்ந்தபோது, அங்கே போர்டுக்கென்று தனி நிரல் எழுதும் வழக்கமே நுழையவில்லை.

விளைவு எளிமையானது, பெரியது. நிரல் வேறு, விவரம் வேறு. ஒரே கர்னல் கோப்பு நூற்றுக்கணக்கான போர்டுகளில் ஓடுகிறது. மாறுவது மரம் மட்டுமே. கணினி எழும்போது தொடக்க நிரல் மரத்தை நினைவகத்தில் வைத்து, அது இருக்கும் முகவரியைச் செயலகத்தின் ஒரு பதிவகத்தில் எழுதிவிட்டுக் கர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பதிவகம் என்பது செயலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரே ஒரு எண்ணுக்கான இடம். 64 பிட் ஆர்மில் அது எக்ஸ்0. ரிஸ்க்-வி என்ற வேறு வகைச் சில்லுகளில் ஏ1. முழு வன்பொருளின் அறிமுகமும் அந்த ஒற்றை எண்ணின் வழியாக நடந்து முடிகிறது.

மரத்தைப் பெற்ற கர்னல் எந்தக் கணுவுக்கு எந்த இயக்கி என்று எப்படிப் பொருத்துகிறது? ஒவ்வொரு கணுவிலும் 'கம்பேட்டிபிள்' என்ற பண்பு உண்டு. தயாரிப்பாளர் பெயர், ஒரு காற்புள்ளி, சாதனத்தின் பெயர் என்பது அதன் வழக்கமான வடிவம். இதில் ஒரே பெயருக்குப் பதிலாக வரிசையாகப் பல பெயர்கள் தரலாம். மிகக் குறிப்பான பெயர் முதலில், பொதுவான பெயர் கடைசியில். முதல் பெயருக்கு இயக்கி இல்லையென்றால் கர்னல் அடுத்ததைப் பார்க்கும். நேற்று வந்த சில்லு பத்தாண்டுக்கு முந்தைய கர்னலிலும் ஓரளவு வேலை செய்வது இந்த ஏற்பாட்டினால்தான். 1980-களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 16550 என்ற தொடர்வழித் தகவல் சில்லை வெளியிட்டது. அந்த நிறுவனம் 2011-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் கைக்குப் போனது. ஆனால் இன்று வடிவமைக்கும் ரிஸ்க்-வி அமைப்புகளின் மரங்களிலும் அந்தப் பழைய சில்லின் பெயர் இடம்பெறுகிறது; அதன் நடத்தையைப் பின்பற்றும் எந்தச் சில்லோடும் பேச ஒரே இயக்கி போதுமானதாக இருக்கிறது.

முகவரிகளில் இன்னும் அழகான கணக்கு ஒன்று உண்டு. ராஸ்ப்பெர்ரி பையின் தொடர்வழி இணைப்பு, முதல் மாடலில் 53,89,72,160 என்ற முகவரியில் இருந்தது. பை 2-இல் அது 105,90,65,856-க்குப் போனது. பை 4-இல் 426,35,14,112. மூன்று வெவ்வேறு இடங்கள். அப்படியானால் மூன்று வெவ்வேறு விவரிப்புகள் வேண்டும் அல்லவா? வேண்டியதில்லை. துணைச் சாதனங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக நினைவக வரைபடத்தில் இடம்பெயர்ந்திருக்கின்றன. தொகுப்பின் தொடக்கத்திலிருந்து இந்த இணைப்பின் தூரம் மூன்றிலும் 21,01,248 தான். எனவே கணுவைச் சில்லின் உள்தட முகவரியோடு ஒரே முறை எழுதிவிட்டு, 'ரேஞ்சஸ்' என்ற பண்பில் தொடக்க முகவரியை மட்டும் மாற்றினார்கள். அந்த ஒரே பண்பு மாறியதும், தொகுப்பிலுள்ள மற்றச் சாதனங்களும் புது முகவரியில் சரியாகப் பொருந்திக்கொண்டன.

மரம் என்று பெயர் இருந்தாலும் கிளைகளுக்கிடையே குறுக்கு இணைப்புகளும் உண்டு. ஒரு கணு இன்னொன்றை எண்ணால் சுட்டும்: என் கடிகாரத் துடிப்பு அங்கிருந்து வருகிறது, என் மின்சாரம் இங்கிருந்து வருகிறது என்று. பை மாடல் பியில் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகம் நொடிக்கு 1 கோடியே 92 லட்சம் முறை துடிக்கும். பை 4-இல் 5 கோடியே 40 லட்சம். தொடர்வழி இணைப்புக்கு வரும் துடிப்பின் வேகத்தை மரம் தவறாகச் சொன்னால், எழுத்துகளுக்குப் பதில் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும். மின்னழுத்தத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். நினைவக அட்டை 3.3 வோல்ட்டில் தொடங்கி, அதிவேக முறைக்குப் போகும்போது 1.8 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். மரத்தில் இவை மைக்ரோவோல்ட்டில் 33,00,000 என்றும் 18,00,000 என்றும் எழுதப்படும். ஒரு சில்லின் உச்ச வரம்பில் தவறான எண்ணை எழுதினால் அந்தச் சில்லு கருகக்கூடும்.

இந்தக் குறுக்கு இணைப்புகளால் வேறொரு புதிர் வருகிறது. மின்சாரம் தரும் சில்லின் இயக்கி எழும் முன்பே, அதை நம்பியிருக்கும் திரையின் இயக்கி எழுந்துவிட்டால்? கர்னலில் 517 என்ற பிழை எண் ஒன்று உண்டு. 'இப்போது முடியாது, பிறகு வருகிறேன்' என்று அதற்குப் பொருள். 2012-இல் லினக்ஸ் 3.4-இல் வந்தது. இயக்கி அந்த எண்ணைத் திருப்பினால் கர்னல் அதை ஒதுக்கிவைத்து, பிற இயக்கிகள் எழுந்த பின் மறுபடி அழைக்கும். பின்னாளில் கர்னல், மரத்தின் சுட்டுகளைப் படித்து எது முதலில், எது பிறகு என்று தானே வரிசை கண்டுகொள்ளவும் தேர்ந்துவிட்டது.

மரம் பல அடுக்காகவும் எழுதப்படுகிறது. சில்லுக்கு ஒரு கோப்பு. அதில் சில்லுக்குள் இருக்கும் அத்தனை சாதனங்களும் இடம்பெறும், ஆனால் வெளிக்கம்பி தேவைப்படுபவை 'டிசேபிள்டு' என்று அணைத்து வைக்கப்பட்டிருக்கும். போர்டுக்கு ஒரு கோப்பு. அது சில்லின் கோப்பை உள்ளிழுத்துக்கொண்டு, இந்தப் போர்டில் உண்மையில் கம்பி இழுக்கப்பட்டவற்றை மட்டும் 'ஓகே' என்று மாற்றும். ஒரே சில்லில் ஐம்பது போர்டுகள் வந்தாலும் சில்லின் விவரத்தை ஒருமுறை எழுதினால் போதும். ராஸ்ப்பெர்ரி பையின் மேல் பொருத்தும் ஹேட் எனப்படும் கூடுதல் போர்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அவற்றில் உள்ள சின்ன நினைவகச் சில்லில் மரத்தின் ஒரு துண்டு எழுதப்பட்டிருக்கும். கணினி எழும்போது அந்தத் துண்டு முக்கிய மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓப்பன் ஃபர்ம்வேர் அட்டைகள் செய்த அதே வேலையை இந்தச் சிறு போர்டுகள் எளிய முறையில் செய்கின்றன.

இனி, புதிய போர்டு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, லினக்ஸுக்கு அதைத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுத வேண்டியது ஒரு பேட்ச், அதாவது கர்னலின் கோப்புகளில் எந்த வரி போக வேண்டும், எந்த வரி சேர வேண்டும் என்று கழித்தல், கூட்டல் குறிகளோடு சொல்லும் சிறு உரை. மாறும் வரிக்கு மேலும் கீழும் மாறாத மூன்று வரிகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். கோப்பு இதற்குள் வேறு இடங்களில் மாறியிருந்தாலும், அந்தச் சூழல் வரிகளை வைத்துச் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதைச் செய்யும் நிரலை லாரி வால் 1985-இல் எழுதினார். முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே மூலநிரலில் வேலை செய்ய அது வழிவிட்டது.

பேட்சுக்கான உண்மைகள் எங்கிருந்து கிடைக்கும்? சில்லின் தரவுக் கையேடு, போர்டின் மின்சுற்று வரைபடம், மல்ட்டிமீட்டர். கைப்பேசித் தயாரிப்பாளர்கள் தாங்கள் மாற்றிய கர்னலின் மூலநிரலைக் கொடுக்க வேண்டும் என்று லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் கட்டாயப்படுத்துகிறது. அந்த நிரலில் கம்பி எண்களும் மின்னழுத்தங்களும் பொதிந்திருக்கும். அவற்றை வெளியே எடுத்து, சரிபார்த்து, மரத்தின் ஒழுங்கில் எழுதுவதே வேலை. ஒரு பொத்தானைச் சேர்க்க ஏழெட்டு வரி. ஒரு முழுக் கைப்பேசிக்குச் சில நூறு வரிகள்.

எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் 'பைண்டிங்' எனப்படும் விதிக்கோப்பு உண்டு: இந்தக் கணுவில் என்னென்ன பண்புகள் கட்டாயம், எவை விருப்பம், எந்த எண் எந்த எல்லைக்குள். முன்பு அவை வெறும் குறிப்புகளாக இருந்தன. படித்துப் புரிந்துகொள்வது அவரவர் பாடு. இப்போது அவை இயந்திரம் படிக்கும் வடிவில் எழுதப்படுகின்றன. ஒரே கட்டளையில் உங்கள் மரம் முழுவதும் விதிகளோடு ஒப்பிடப்பட்டு, விடுபட்ட கடிகாரமும் எழுத்துப்பிழையும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். விதிக்கோப்பின் இறுதியில் ஒரு மாதிரிக் கணு தருவார்கள். அந்த மாதிரியும் தொகுக்கப்பட்டு, மேலே எழுதிய விதிகளாலேயே சோதிக்கப்படுகிறது. தன் எடுத்துக்காட்டு சரியா என்று தானே சோதித்துக்கொள்ளும் ஆவணம் அது.

பேட்சுகளைப் படிக்கும் பராமரிப்பாளர்கள் விடாமல் காக்கும் விதி ஒன்று உண்டு. மரம் வன்பொருளை மட்டுமே விவரிக்க வேண்டும். லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவிடக் கூடாது. 'இந்த விளக்கு 47-ஆம் இணைப்பில் இருக்கிறது' என்பது வன்பொருளின் உண்மை, ஏற்பார்கள். 'இந்த இயக்கி நொடிக்குப் பத்து முறை சரிபார்க்கட்டும்' என்பது ஒரு மென்பொருளின் விருப்பம், மறுப்பார்கள். காரணம் தெளிவானது. இதே மரத்தை யு-பூட் என்ற தொடக்க நிரலும் ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளமும் படிக்கின்றன. ஒரு சாதனத்தின் ஃபர்ம்வேரில் பதிந்த மரம் பத்தாண்டுகள் மாறாமலே இருக்கவும் கூடும். நாளைய கர்னலும் அந்தப் பழைய மரத்தோடு எழ வேண்டும். மென்பொருளின் வழக்கங்கள் அதற்குள் பலமுறை மாறிவிடும். தாமிரக் கம்பி ஓடும் இடம் மாறாது.

அனுப்பும் முன் இன்னும் சில படிகள். பேட்சின் முகப்பில் என்ன மாற்றம், ஏன் இந்த மாற்றம் என்று எழுதி, கீழே உங்கள் பெயரில் ஒப்பம் இட வேண்டும்: இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது. லினக்ஸில் பிறருடைய நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது 2003-இல் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, 2004-இல் இந்த வழக்கம் வந்தது. அடுத்து, எழுத்து நடையைச் சோதிக்கும் ஒரு நிரல். பிறகு, நீங்கள் தொட்ட கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்று பராமரிப்பாளர் பட்டியலில் தேடித் தரும் இன்னொரு நிரல். கடைசியில், எந்த அலங்காரமும் இல்லாத வெற்று உரையாகப் பேட்ச் மின்னஞ்சலில் போகிறது.

படிக்கிறவர்கள் மனிதர்கள். வரிக்கு வரி கேள்வி வரும்: இந்த மின்னழுத்த வரம்பு எந்த ஆவணத்தில் இருக்கிறது? கணுக்கள் ஏன் முகவரி வரிசையில் இல்லை? திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று அனுப்ப வேண்டியிருக்கும். இன்டெல் நடத்தும் தானியங்கிச் சோதனைக் கணினிகள் பேட்சுகளைத் தாமாகவே எடுத்துத் தொகுத்துப் பார்த்து, உடைந்தால் கடிதம் எழுதும். பரிசீலித்தவர், சோதித்தவர், ஒப்புக்கொண்டவர் ஒவ்வொருவர் பெயரும் பேட்சின் அடியில் சேரும். எந்த வரியை யார், ஏன் எழுதினார்கள் என்பதை டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற பதிப்புக் காப்பகம் அழியாமல் வைத்திருக்கும்.

இத்தனை நிதானம் இருந்தும் வேகம் குறைவில்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வெளிவருகிறது. முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம். மிச்ச வாரங்கள் முழுதும் பிழை திருத்தம் மட்டுமே. ஒவ்வொரு வெளியீட்டிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள், ஏறத்தாழ 2,000 பேரின் கைவண்ணம். கணக்குப் போட்டால் இரவும் பகலும் மணிக்கு ஏழெட்டு மாற்றங்கள்.

இந்த உழைப்பு எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள். ஆப்பிள் தன் எம்1 சில்லுக்கான ஆவணம் எதையும் லினக்ஸுக்காக வெளியிடவில்லை. அந்தச் சில்லுள்ள மேக் கணினிகளில் லினக்ஸை ஓடவைக்க முனைந்த அசாஹி லினக்ஸ் குழுவின் தன்னார்வலர்கள் எம்1என்1 என்ற சிறு நிரலை எழுதினார்கள். அது மேக்கின் சொந்த இயக்குதளத்தைத் தன்மேல் ஓடவிட்டு, எந்த முகவரியில் எப்போது என்ன எண்ணை எழுதுகிறது என்று கீழிருந்து கவனிக்கும். அவர்களுக்கு ஒரு வியப்பும் கைகொடுத்தது: ஆப்பிளின் மேக்கும் ஐபோனும் ஓப்பன் ஃபர்ம்வேர் வழிவந்த ஒரு சாதன மரத்தை உள்ளுக்குள் இன்றும் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து அறிந்தவற்றையும் கவனித்து அறிந்தவற்றையும் கொண்டு லினக்ஸுக்கான மரத்தை எழுதினார்கள். எம்1-க்கான முதல் ஆதரவு 2021-இல் லினக்ஸ் 5.13-இல் சேர்ந்தது.

எதிர்முனையில், 2015 வாக்கில் விற்பனையில் இருந்த சாம்சங் கேலக்ஸி ஏ3, ஏ5 கைப்பேசிகள். அவற்றின் ஆண்ட்ராய்டுக்கு நிறுவனப் புதுப்பிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன. ஆனால் தன்னார்வலர்கள் எழுதிய மரங்கள் முதன்மைக் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், புது லினக்ஸ் அவற்றில் இன்றும் எழுகிறது. 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் இப்படிப் பழைய கைப்பேசிகளை மீண்டும் பயனுள்ள கணினிகளாக்குவதையே குறிக்கோளாகக் கொண்டது. ரிஸ்க்-வி சில்லுகளும் பெரும்பாலும் சாதன மரத்தையே நம்பியிருக்கின்றன. சென்னை ஐஐடியின் சக்தி செயலகங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2018-இல் சக்தி சில்லு ஒன்றில் லினக்ஸ் வெற்றிகரமாக எழுந்தது.

ராஸ்ப்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் இதை இன்றே கண்ணால் பார்க்கலாம். லினக்ஸின் 'புராக்' கோப்புறைக்குள் 'டிவைஸ்-ட்ரீ' என்ற கிளை இருக்கும். மரத்தின் ஒவ்வொரு கணுவும் அங்கே ஒரு கோப்புறை, ஒவ்வொரு பண்பும் ஒரு கோப்பு. 'மாடல்' என்ற கோப்பைத் திறந்தால் உங்கள் போர்டின் பெயர் தெரியும். அங்கிருந்து போர்டுக்குப் போர்டு ஒப்பிட்டுப் படித்துப் போனால், விடுபட்ட ஓர் உணரியோ, விதிச் சோதனை சுட்டிக்காட்டும் ஒரு பிழையோ கண்ணில் படும். பல பங்களிப்பாளர்களின் முதல் பேட்ச் அந்த அளவில்தான் தொடங்கியது.

அது சின்ன வேலை இல்லை. ஒரு போர்டைப் பற்றி ஒருவர் உறுதியாகத் தெரிந்துகொண்ட உண்மை, இருபது வரிகளில், அதே போர்டைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொந்தமாகிறது. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தினாலும், வடிவமைத்த பொறியாளர் வேலை மாறினாலும், அந்த வரிகள் கர்னலோடு ஒவ்வொரு வெளியீட்டிலும் கூடவே போகும். ஒரு சாதனத்தின் ஆயுளை அதைச் செய்த நிறுவனம் மட்டுமே தீர்மானிக்கும் நிலையை, அக்கறையோடு எழுதிய சில வரி உரை மாற்றிவிட முடியும். மாற்றியும் இருக்கிறது.